எண்பத்தேழு புள்ளிகளும் பிரஜாவுரிமைச் சட்டமும்

1995ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி இத்தாலியின் இரண்டாம் பிரிவுத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரில் ரிமினி அணியும் ஊடினே அணியும் விளையாடின. ஒன்று, அத்ரியாற்றிக் கடற்கரையில் கோடைகால உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் நகரம். மற்றது, ஒருகாலத்தில் தன் பிள்ளைகளை உலகமெங்கும் கூலி வேலைக்கு அனுப்பிய பிரியூலி பிரதேசத்தின் நகரம். ஆட்டம் ரிமினிக்கு 147, ஊடினேக்கு 99 என்று முடிந்தது. அந்த 147இல் 87 புள்ளிகளை ஒரே ஒருவர் எடுத்திருந்தார். அவர் பெயர் கார்ல்டன் மயர்ஸ். வயது 23.

அதற்கு முன்னர் இத்தாலியில் பேசப்பட்டு வந்த எண் 77. 1964இல் மிலானோவின் சிம்மென்தால் அணிக்காக சாந்த்ரோ ரிமினூச்சி எடுத்தது. முப்பது வருடங்களுக்கு மேல் நின்ற அந்த எண்ணை மயர்ஸ் ஒரே இரவில் பத்துப் புள்ளிகளால் தாண்டினார்.

விளையாட்டில் அக்கறையில்லாத வாசகர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போய்விடக்கூடும். ஆனால் இந்த ஆட்டத்தின் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு நாம் யோசிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. ஒரு மனிதன் செய்ததை எண்ணத் தொடங்குவதற்கு முன்னரே, அவன் யார் என்பது வேறொரு இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. எண்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் எண்களைப் பார்ப்போம். கூடைப்பந்தாட்டம் 40 நிமிட ஆட்டம். 1995இல் ஐரோப்பிய விதிப்படி அது இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக இருந்தது. பந்து கைக்கு வந்த அணி 30 விநாடிகளுக்குள் அதைக் கூடையை நோக்கி எறிய வேண்டும். 2000ஆம் ஆண்டில்தான் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளும் 24 விநாடி விதியும் வந்தன. ஆகவே இன்றையதைவிட ஆறுதலாக ஆட இடமிருந்த காலம் அது. அப்படியிருந்தும், மயர்ஸ் நாற்பது நிமிடமும் களத்தில் நின்றார் என்றே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 28 விநாடிக்கு ஒரு புள்ளி எடுத்திருக்கிறார். தன் அணியின் புள்ளிகளில் 59 வீதம் அவருடையது. ஊடினே அணியினர் எல்லோரும் சேர்ந்து எடுத்த 99க்கு அவர் தனியே 12 புள்ளிகள்தான் குறைவு.

இந்த 87ஐ ரிமினூச்சியின் 77க்குப் பக்கத்தில் வைத்து, பெரியது எது என்று கேட்பது சுலபம். ஆனால் தூரத்திலிருந்து எறிந்து விழுத்தினால் மூன்று புள்ளி என்ற விதி ஐரோப்பாவுக்கு வந்தது 1984இல். ரிமினூச்சியின் காலத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டுதான். எண்கள் இரண்டும் ஒரே பாஷையில் எழுதப்பட்டிருந்தாலும் அவற்றைப் பெற்றெடுத்த விதிகள் வேறு.

இன்னொரு கணக்கையும் சிலர் போடுவார்கள். 147இல் 87ஐக் கழித்தால் 60. அதாவது மயர்ஸ் இல்லாவிட்டால் ரிமினி 60-99 என்று தோற்றிருக்கும் என்பது. இது பிழையான கணக்கு. அவர் எறியாத பந்தை வேறொருவர் எறிந்திருப்பார். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து தந்தவர்கள், அவரை மறித்து நின்றவனைத் தம் உடம்பால் தடுத்தவர்கள், தவறிய பந்தைப் பாய்ந்து பிடித்துத் திரும்பவும் அவர் கையில் சேர்த்தவர்கள் இருந்தார்கள். அந்த 60 புள்ளிக்காரர்களின் உழைப்பும் 87க்குள் இருக்கிறது.

*

இத்தாலியில் ஆட்டம் முடிந்ததும் கிடைக்கும் பதிவேட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு நிரை. எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை புள்ளி எடுத்தார் என்பன முதலில். பிறகு இரண்டு புள்ளிக்கான எறிகைகளில் எத்தனை விழுந்தன, மூன்று புள்ளிக்கானவற்றில் எத்தனை, எதிராளியின் குற்றத்துக்காகக் கிடைத்த தனி எறிகைகளில் எத்தனை என்பன. அடுத்து, பட்டுத் தெறித்த பந்தை எத்தனை தரம் பிடித்தார், எத்தனை தரம் எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தார், எத்தனை தரம் தொலைத்தார், மற்றவர் புள்ளி எடுக்க எத்தனை தரம் பந்தைக் கொடுத்தார். இத்தாலியர் விசேடமாகக் கவனிக்கும் இன்னொரு நிரலும் உண்டு: தான் செய்த குற்றங்களுக்குப் பக்கத்தில், தனக்கு மற்றவர் செய்த குற்றங்கள். அடி வாங்கியதையும் எண்ணும் பதிவேடு அது. கடைசியில் நல்லதையெல்லாம் கூட்டி, கெட்டதையெல்லாம் கழித்து, 'மதிப்பீடு' என்று ஓர் எண்.

இந்தப் பதிவேட்டுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. நீ யாருடைய மகன், எந்த ஊர், எந்த நிறம் என்று அது கேட்பதில்லை. பந்து கூடைக்குள் விழுந்ததா என்பதுதான் கேள்வி. விண்ணப்பப் படிவங்களோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

ஆனாலும் அதை எழுதுபவர்கள் மனிதர்கள். பந்து விழுந்ததில் சந்தேகம் இல்லை. யாருடைய கையிலிருந்து போன பந்தால் அது விழுந்தது என்பதில் சந்தேகம் உண்டு. கொடுத்தவருக்கும் பங்கு எழுதுவதா இல்லையா என்பதை மேசையில் இருப்பவர் கண நேரத்தில் தீர்மானிக்கிறார். இந்தப் பங்கை எழுதுவதில் அமெரிக்கர்கள் தாராளமானவர்கள், ஐரோப்பியர்கள் கஞ்சர்கள் என்று நெடுங்காலமாகவே சொல்லப்பட்டு வந்தது.

அந்த மேசையில் இருப்பவரின் கடதாசி எவ்வளவு பெரியது என்பதற்கு 1962 மார்ச் 2ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹேர்ஷி என்ற சிறிய ஊரில் நடந்ததைச் சொல்லலாம். வில்ற் சேம்பலின் என்ற கறுப்பின ஆட்டக்காரர் நியூயோர்க் அணிக்கு எதிராக 100 புள்ளிகள் எடுத்தார். பிலடெல்பியா 169, நியூயோர்க் 147. தொலைக்காட்சிக் கமரா இல்லை. பார்வையாளர்கள் 4,124 பேர். 63 எறிகைகளில் 36, தனி எறிகைகள் 32இல் 28 என்று இன்று நமக்குத் தெரிவதெல்லாம் கடதாசியில் எழுதப்பட்டவை. கணக்குப் பதிந்த ஹாவி பொலக் ஒரு தாளில் '100' என்று எழுதிக் கொடுக்க, சேம்பலின் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கும் படம்தான் அந்த இரவின் பிரசித்தமான சாட்சி. எழுதியவர் ஒருவர் இருந்தபடியால் அது நடந்ததாக இருக்கிறது.

*

இப்போது எழுதப்பட்டதற்கு முன்னால் எழுதப்பட்டதற்கு வருவோம்.

கூடைப்பந்தாட்டமே இத்தாலிக்கு ஒரு குடியேறிதான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் இதை உருவாக்கிய ஜேம்ஸ் நேய்ஸ்மித் கனடாவிலிருந்து போனவர். 1907இல் சியேனா நகரத்துத் தேகாப்பியாச ஆசிரியையான இடா நோமி, அதன் விதிகளை மொழிபெயர்த்துத் தன் மாணவிகளுக்குப் பழக்கினார். இத்தாலியில் முதலில் இதை விளையாடியவர்கள் பெண்கள். 1921இல் மிலானோவில் சம்மேளனம் அமைந்தபோது அதன் பெயரில் 'பாஸ்கற்போல்' என்ற ஆங்கிலச் சொல்லே இருந்தது. பாசிச ஆட்சிக்கு அந்நியச் சொற்கள் பிடிக்கவில்லை. ஆட்டம் அப்படியே இருக்க, பெயர் மட்டும் இத்தாலியமாக்கப்பட்டது.

ஆட்டக்காரர்கள் விடயம் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ஒவ்வொரு அணியிலும் எத்தனை அந்நியர் நிற்கலாம் என்பதற்கு வரம்பு போடப்பட்டது. 1965-66 பருவத்திலிருந்து ஒருவர், 1977இலிருந்து இருவர். அந்த முதற் காலத்தில் வந்தவர்களில் ஒருவர் பில் பிறட்லி. ஒக்ஸ்போர்டில் படித்துக்கொண்டே மிலானோ அணிக்காக ஆடி, 1966இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்ல உதவிவிட்டுப் போனார். பின்னாளில் அமெரிக்க செனற்றரானார். அந்நியர் என்ற இடம் அவருக்கு ஒரு தங்குமிடம் மாதிரி. வந்தார், விளையாடினார், போனார்.

வேறொரு வழியும் இருந்தது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் 1951இல் பிறந்த மைக் டான்ரோனி 1977இல் மிலானோவுக்கு வந்தார். 1987இலும் 1988இலும் அந்த அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது அணியை நடத்தியவர் அவர்தான். அவரது முன்னோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். ஆகவே அவர் அந்நியர் அல்லர், திரும்பி வந்த இரத்தம். 1989 ஐரோப்பியப் போட்டியில் இத்தாலியத் தேசிய அணியின் சட்டையையும் அணிந்தார். இதில் அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சட்டம் எதை நம்பியது என்பதைக் கவனியுங்கள். ஒருவர் எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார், எந்தப் பாஷையில் கனவு காண்கிறார் என்பதை அல்ல. பாட்டனின் பெயர் எந்தத் தேவாலயப் பதிவில் இருக்கிறது என்பதை.

*

கார்ல்டன் மயர்ஸ் பிறந்தது 1971 மார்ச் 30ஆம் திகதி, லண்டனில். தந்தை கரீபியன் கடலிலுள்ள சென் வின்சன்ற் தீவைச் சேர்ந்தவர். தாய் இத்தாலியர். சிறுவயதிலேயே இத்தாலிக்கு வந்து ரிமினியில் வளர்ந்தார். ஆட்டமும் அங்கேதான் பழகினார்.

அவர் பிறந்த 1971இல் இத்தாலியில் நடைமுறையில் இருந்தது 1912ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை தந்தை வழியாகத்தான் இறங்கும். தந்தை யாரென்று தெரியாவிட்டாலோ, தந்தைக்கு எந்த நாடும் இல்லாவிட்டாலோதான் தாயின் பக்கம் பார்க்கும். வேற்று நாட்டவரை மணந்த இத்தாலியப் பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், பாஷை கொடுக்கலாம், நாடு கொடுக்க முடியாது. தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று பத்திரம் கேட்ட 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் நாம். ஆகவே இந்த வாசகங்களைப் படிக்கும்போது நமக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை.

1983 பெப்ரவரியில் இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியலமைப்பு சொல்லும்போது தாயின் பிரஜாவுரிமை பிள்ளைக்குப் போகாது என்று ஒரு சட்டம் சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பாராளுமன்றம் அதற்கேற்பச் சட்டம் இயற்றியது. அதன்படி, இத்தாலியத் தந்தையின் பிள்ளையைப் போலவே இத்தாலியத் தாயின் பராயமடையாத பிள்ளையும் இத்தாலியப் பிரஜை. மயர்ஸுக்கு அப்போது 12 வயது.

இந்தத் திகதியை 1995 ஜனவரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களை அந்நியர் என்று எண்ணி வரம்பு போடக்கூடாது எனச் சொன்ன பொஸ்மன் தீர்ப்பு வந்தது 1995 டிசம்பர் 15ஆம் திகதி. ரிமினி-ஊடினே ஆட்டத்துக்குப் பதினொரு மாதங்கள் கழித்து. அதற்கு முன்னர் லண்டனில் பிறந்த, பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் உள்ள ஒருவன் இத்தாலிய அணியில் நிற்பதென்றால் அந்த இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். அந்த இடங்களுக்கு அணிகள் தேடியது அமெரிக்காவில் பெயர் எடுத்தவர்களை. உள்ளூரில் வளரும் அந்நியச் சிறுவனுக்காக அதை ஒதுக்கிப் பொறுமையாக இருக்க எந்த அணிக்கும் கட்டாயம் இல்லை. மயர்ஸ் இத்தாலியராக எண்ணப்பட்டார். அதனால் அவர் வளர்வதற்கு இடம் இருந்தது, பிழை விட்டுப் பழகுவதற்கு நேரம் இருந்தது. திறமை அவருடையது, உழைப்பு அவருடையது. ஆனால் அவரைப் போன்ற பிள்ளைகளுக்கான கதவைத் திறந்தது ஒரு நீதிமன்றம்.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1995இல் மயர்ஸ் பொலோனியா நகரின் போர்த்தித்தூதோ அணிக்குப் போனார். 2000இல் அந்த அணி முதற்தடவையாக இத்தாலியச் சம்பியனானது. அதற்கு முந்திய ஆண்டு, 1999 ஜூலை 3ஆம் திகதி, பாரிஸில் இத்தாலி ஸ்பெயினை 64-56 என்று வென்று ஐரோப்பியச் சம்பியன் பட்டம் பெற்றது. அந்த அணியைப் பாருங்கள். பயிற்றுவித்த பொக்டன் தன்யேவிச் மொன்ரெனீக்ரோவில் பிறந்தவர். தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவான கிரெகோர் பூச்கா ஸ்லோவேனியாவின் கிரான் நகரில் பிறந்தவர். மயர்ஸ் லண்டனில் பிறந்தவர். அன்று இத்தாலிக்குக் கிடைத்த பட்டத்தில் இத்தாலிக்கு வெளியே பிறந்தவர்களின் பங்கு சிறியதல்ல.

2000 செப்ரெம்பர் 15ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் இத்தாலியின் மூவர்ணக் கொடியைத் தாங்கி முன்னால் நடந்தவர் மயர்ஸ். இத்தாலியின் கொடியை ஒலிம்பிக்கில் ஏந்திய முதலாவது கறுப்பினத்தவர் அவர்.

கொடி ஒன்றை ஒருவர் தூக்குவதால் ஒரு சமூகத்தின் மனம் மாறிவிடும் என்று நினைக்கும் வயதை நாம் தாண்டிவிட்டோம். 2011 ஏப்ரலில், கோமோ அணிக்கு எதிரான பெண்கள் கூடைப்பந்தாட்டம் ஒன்றில் அபியோலா வபாராவைப் பார்வையாளர்கள் சிலர் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். அவர் நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தவர், தேசிய அணியில் ஆடியவர். கொடியை மயர்ஸ் தூக்கிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அடி வாங்கியதைக்கூட எண்ணும் அந்தப் பதிவேட்டில், வாங்கிய வசைகளுக்கு நிரல் இல்லை.

ஆனால் வசையும் சட்டமும் ஒன்றல்ல. வசையை ஒருவர் காதில் வாங்காமல் விளையாடலாம். சட்டம் அவரை விளையாடவே விடாமல் செய்யலாம். ஆகவே சட்டத்தைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

*

1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1992 பெப்ரவரி 5ஆம் திகதிய 91ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை கொடுத்த அந்தச் சட்டம் இரத்தத்தைக் கைவிடவில்லை. ஆர்ஜென்ரீனாவில் பிறந்து, ஒரு வார்த்தை இத்தாலியம் தெரியாத ஒருவர், கொள்ளுப்பாட்டனின் பதிவைக் காட்டிப் பிரஜாவுரிமை கேட்க முடிந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை இரண்டு தலைமுறைக்குள் சுருக்கியது. மறுபக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்கு விண்ணப்பிக்கவே பத்து வருடச் சட்டபூர்வ வதிவு வேண்டும். அவர்களது பிள்ளை இத்தாலியிலேயே பிறந்தாலும், 18 வயது வரை இடைவெளி இல்லாமல் சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். அதன்பின் ஒரு வருடத்துக்குள் தன் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும்.

இது பலெர்மோவில் வாழும் எமது மக்களின் வீட்டுக் கதை. எண்பதுகளிலிருந்து அங்கே போய், பெரும்பாலும் வீட்டு வேலைகளில் சேர்ந்து, பெல்லெகிறீனோ மலையேறி ரொசாலியா மாதாவிடம் நேர்த்தி வைத்து, பிள்ளைகளைச் சிசிலியப் பள்ளிக்கூடங்களில் விட்டவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகள் பேசும் இத்தாலியத்தில் பலெர்மோ வாசம் அடிக்கும். ஆனால் பெற்றோரில் ஒருவராவது முன்கூட்டியே பிரஜாவுரிமை எடுத்திராவிட்டால், அந்தப் பிள்ளை பதினெட்டு வருடங்கள் அந்நியர் நிரலில்தான் இருக்க வேண்டும்.

விளையாட்டு விடயத்தில் ஒரு சிறிய கதவு 2016இல் திறந்தது. அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் திகதிய 12ஆம் இலக்கச் சட்டம், குறைந்தது பத்து வயதிலிருந்தாவது இத்தாலியில் சட்டப்படி வசிக்கும் அந்நியப் பிள்ளைகளை, இத்தாலியப் பிள்ளைகளைப் பதிவது போலவே விளையாட்டுச் சம்மேளனங்கள் பதியலாம் என்றது. பள்ளிக்கூட மைதானத்தில் நன்றாக ஆடும் பிள்ளையைக் கழகத்தில் சேர்ப்பதற்கு முன்னிருந்த பல தடைகளை இது நீக்கியது. தேசிய அணிக்கு மட்டும் பிரஜாவுரிமை வேண்டும்.

2025 ஜூன் 8, 9ஆம் திகதிகளில், பத்து வருட வதிவை ஐந்தாகக் குறைப்பதா என்று இத்தாலியில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. அது நிறைவேறியிருந்தால் பெற்றோர் வழியாகப் பல பிள்ளைகளுக்கும் உரிமை சீக்கிரம் கிடைத்திருக்கும். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 65 வீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் ஏறத்தாழ 30 வீதம்தான். பாதிப்பேருக்கு மேல் வந்தால்தான் செல்லும் என்பதால் எல்லாம் செல்லாமல் போயிற்று. அந்த வாக்கெடுப்பு யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்களுக்கு அதில் வாக்கு இல்லை.

ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது அந்த 18க்கும் 19க்கும் இடைப்பட்ட ஒரு வருடம். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயதாகப்போகும் பிள்ளைக்கு இந்த உரிமை பற்றி நகரசபை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் ஒரு வருடம் கடந்தாலும் உரிமை போகாது. பெற்றோரின் வதிவுப் பதிவில் ஏதோ குழப்பம் இருந்தது என்பதற்காகப் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. எத்தனை வீடுகளில் இது தெரியும்? கோயில் திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் துண்டுப்பிரசுரம் அடிக்கும் நமது சங்கங்கள், பதினேழு வயதுப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுக்கலாம். கூடவே, பிறந்த நாள் முதல் உள்ள வதிவுப் பத்திரங்கள், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட அறிக்கைகள் எல்லாவற்றையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லலாம்.

மயர்ஸின் 87 பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்தவர் இத்தாலியராக எண்ணப்பட்டவர் என்பதும் அதே பதிவேட்டில், எழுதப்படாமல் இருக்கிறது.